அழித்ததைச் சொல்லும் அடுப்பு

மறதி எத்தனை டிகிரியில் வரும் என்று முதன்முதலாக அளந்து சொன்னவன் நான். இருநூறில் தொடங்கி இருநூற்று அறுபதில் முடியும். மனித வரலாற்றில் நெருப்பு ஒன்று, சக்கரம் ஒன்று, அதற்கப்புறம் இதுதான். இடையில் வந்த நீராவி, மின்சாரம், தடுப்பூசி எல்லாம் இடத்தை நிரப்ப வந்தவை. தற்பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னால் பாடப்புத்தகம் எழுதுகிறவர்கள் ஆளை மாற்றிப் போட்டுவிடக் கூடாதே என்பதற்காகச் சொல்கிறேன்: தணிகைவேல், உலோகவியல், கடைசி வருடம், இரண்டு அரியர்.

கண்டுபிடிப்பு நிகழ்ந்த இடம் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு தகரக் கொட்டகை. செத்துப்போன போன், கம்ப்யூட்டர், டிவி எல்லாவற்றின் சர்க்யூட் போர்டுகளும் அங்கே லாரி லாரியாக வரும். அவற்றைச் சுட்டு, செம்பும் ஈயமும் தங்கமும் பிரித்தெடுப்பார்கள். சுடுவது என்றால் எரிப்பது இல்லை. எரித்தால் ஊரே இருமும். காற்றை வெளியேற்றி நைட்ரஜன் நிரப்பிய உருளைக்குள் போர்டைப் போட்டு மெல்லச் சூடேற்றுவார்கள். இருநூற்றிருபதைத் தாண்டினால் பற்றவைத்த ஈயம் உருகிச் சொட்டும். சில்லுகள் பால்பற்கள் மாதிரி கழன்று விழும். ஐந்நூறில் பிசின் முழுக்க ஆவியாகிவிடும். மிஞ்சுவது கறுத்த ஏடுகள்தான். கண்ணாடி இழை ஓர் ஏடு, செம்பு ஓர் ஏடு. விரலால் தள்ளினால் பழைய பஞ்சாங்கம்போலப் பிரியும்.

பரிசோதனைக்கென்று பிரஷர் குக்கர் அளவில் ஒரு சின்ன அடுப்பு உண்டு. அதன் ஆபரேட்டர் எபினேசர் அண்ணன். காதில் எப்போதும் பென்சில். அதை வைத்து அவர் எழுதி யாரும் பார்த்ததில்லை. சில்லு எந்தச் சூட்டில் கழல்கிறது என்று பார்ப்பது என் ப்ராஜெக்ட். அதற்காக அடுப்புக்குள் ஓர் உணர்கம்பியை விட்டிருந்தேன். ஒருநாள் கம்பியில் வந்த சலசலப்பு ஏதோ கணக்காக இருந்தது. விளையாட்டாக அதை எழுத்தாக மாற்றி, பிரிண்டரில் விட்டேன். காகிதத்தில் ‘ஓகே ஓகே நீ சொன்னா சரி ஓகே’ என்று வந்தது.

“இன்னாடா இன்ஜினியரு, அடுப்பு பேசுது?” என்றார் எபினேசர் அண்ணன்.

“பேசலண்ணா. மறக்குது.”

“மறக்கறதுக்கு இன்னாத்துக்கு இம்மா சத்தம்?”

“மெமரி சில்லுல ஒவ்வொரு எழுத்தும் குட்டிக் குட்டித் தொட்டியில அடைச்சு வெச்ச மின்சாரம்ணா. சூடு ஏறுனா தொட்டி ஒழுகும். ஒழுகற சத்தம் இந்தக் கம்பிக்குக் கேக்குது. ஆனா ஒரே ஒரு தபாதான். ஒழுகினது ஒழுகினதுதான்.”

“எந்தத் தொட்டி மொதல்ல ஒழுகும்?”

கேள்வி எனக்குப் பிடித்திருந்தது. எங்கள் துறைத் தலைவர்கூட இதைக் கேட்கவில்லை.

“தேஞ்ச தொட்டி. அடிக்கடி எழுதி, அடிக்கடி அழிச்சது.”

“அப்போ கல்யாண போட்டோ வராது.”

“வராது. ஒருதபா எடுத்து வெச்சதோட சரி, அது கெட்டியா இருக்கும். அது ஒழுகற நேரத்துல புகை வந்து கம்பிக்குக் காது அடைச்சிடும். நமக்கு வர்றது கீபோர்டு பக்கம் இருக்கறது மட்டும்தான். ஆளு டைப் அடிச்சு, வேணாம்னு அழிச்சு, மறுபடியும் அடிச்சு, மறுபடியும் அழிச்சது.”

“லாக் போட்டிருந்தா?”

“லாக்கு அலமாரிக்குண்ணா. இது அலமாரிக்கு வெளிய நின்னு யோசிச்சது.”

எபினேசர் அண்ணன் அந்தக் காகிதத்தை இரண்டாக மடித்தார், நாலாக மடித்தார். “டேய், இத்த வெளிய சொல்லாத” என்றார்.

“ஏன்?”

“சொல்லாதன்னா சொல்லாத.”

நான் சொன்னேன். ஆய்வுக் கட்டுரையாக, வரைபடத்தோடு சொன்னேன்.

இரண்டே மாதத்தில் கொட்டகை வாசலில் டோக்கன் கொடுக்க ஆள் போட வேண்டியதாயிற்று. இறந்தவர்களின் போன்களை மஞ்சள் பையிலும் முந்தானையிலும் சுற்றி எடுத்துக்கொண்டு ஜனங்கள் வந்தார்கள். ரிட்டையரான தாசில்தார் ஒருவரின் போன் ‘மன்னிச்சிடு’ என்று எழுதி, பெயர் சொல்லாமல் நின்றது. அவருடைய மூன்று பிள்ளைகளும் அது தனக்குத்தான் என்று கோர்ட்டுக்குப் போனார்கள். கட்டிக்கொடுத்த ஆறாம் மாதம் செத்துப்போன ஒரு பெண்ணின் போனில் ‘அம்மா என்ன வந்து கூட்டிட்டுப் போ’ என்று வந்தது. அந்த அம்மா மூன்று நாள் எங்கள் கேட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்தார். யாரும் எழுப்பவில்லை. செக்யூரிட்டி மட்டும் வெயில் திரும்பத் திரும்பக் குடையை நகர்த்தி வைத்தார்.

உயிரோடு இருப்பவர்கள் போனில் அழிப்பதையே நிறுத்தினார்கள். மனதில் தோன்றியதை அப்படியே அனுப்பினார்கள். அந்த மாதம் எங்கள் கல்லூரியில் மட்டும் பதினோரு காதல்கள் முறிந்தன. எச்சரிக்கையான ஆட்கள் முதலில் காகிதத்தில் எழுதிப் பார்த்து, காகிதத்தைத் தின்றுவிட்டதாகக் கேள்வி.

பால் பிரச்சினை தனி. தகனம் முடிந்த மறுநாள் பால் தெளிக்கிற வழக்கத்தை யாரோ ஒரு குடும்பம் எங்கள் அடுப்புக்கும் கொண்டுவந்தது. வெளியே எடுத்த தட்டின் மேல் அரை லிட்டர் பாக்கெட்டைப் பல்லால் கடித்து ஊற்றினார்கள். தட்டு பீங்கான், சூடு நானூறுக்கு மேல். பட்டாசு மாதிரி வெடித்தது. அடுத்த வாரமும் வெடித்தது. அப்புறம் ‘பால் தெளிக்கக் கூடாது’ என்று நிர்வாகம் போர்டு வைத்தது. அதன் கீழே நான் ஒரு போர்டு வைத்தேன்: ‘இங்கே வருவது கடைசி வார்த்தை அல்ல. எழுதி அழித்த வார்த்தை. அடுப்புக்குக் காது கிடையாது. பதில் பேச வேண்டாம்.’

ஒருவரும் படிக்கவில்லை. பிரிண்டர் ஒரு வரி கக்கினால் உடனே அடுப்பைப் பார்த்து ‘ம்’ என்பார்கள். ‘அத்த அப்பவே சொல்றதுக்கு இன்னா?’ என்று சண்டை போடுவார்கள். எங்கள் கல்லூரி இதழில் ‘அடுப்போடு உரையாடுவது எப்படி: ஒரு கையேடு’ என்று நாலு பக்கம் எழுதினேன். நல்ல வரவேற்பு. ஆசிரியர்கள் அறையில் சத்தமாக வாசித்துச் சிரித்ததாகச் சொன்னார்கள்.

எங்கள் வீட்டிலும் ஒரு போன் இருந்தது.

என் அண்ணன் ஞானவேல் பொன்னேரியில் ‘ஞானம் மொபைல்ஸ்’ என்று ரிப்பேர் கடை வைத்திருந்தான். ஒருமுறை கடை மூன்று நாள் திறக்கவில்லை. ஹாஸ்டலில் இருந்த எனக்குச் செய்தி வந்தது. நான் உடனே ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டர் தயாரித்தேன். அண்ணன் படம், சுற்றிலும் ரோஜா மாலை, வயது 27, ‘வாடிக்கையாளர் பற்றாக்குறையால் இயற்கை எய்தினார்’. நாற்பத்தேழு பேர் இருக்கும் குடும்பக் குழுவில் போட்டேன். முப்பத்தோரு பேர் சிரித்தார்கள். அண்ணன் குழுவிலிருந்து வெளியேறினான்.

அதற்கப்புறம் ஐந்து மாதம் எங்களுக்குள் பேச்சு இல்லை. நான் ஊருக்குப் போனால் அவன் கடைக்குக் கிளம்பிவிடுவான். ஆனால் போனில் அவன் பெயரைத் திறந்து வைத்திருந்தால் சில சமயம் மேலே ‘எழுதுகிறார்’ என்று வரும். கொஞ்ச நேரம் இருக்கும். நின்றுவிடும். எதுவும் வராது. நானும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்தான். எனக்கு முப்பத்தோரு பேருடைய சிரிப்பு இருந்தது.

தச்சூர் கூட்டுரோட்டில் லாரி. போன் அவன் சட்டைப் பையில் நொறுங்கிக் கிடந்தது. போஸ்டர் அடிக்க நல்ல படமாகக் கேட்டார்கள். குடும்பக் குழுவில் தேடியபோது எல்லோர் கண்ணிலும் முதலில் பட்டது நான் போட்டதுதான். அச்சகக்காரர் வாசகத்தை எடுத்துவிட்டு, மாலையை மட்டும் சாமந்தியாக மாற்றினார்.

இரண்டு மாதம் கழித்து நான் இந்த ப்ராஜெக்டில் சேர்ந்தேன். வேறு நல்ல தலைப்புகளும் இருந்தன.

என் கண்டுபிடிப்பு டிவியில் வந்த நாளிலிருந்து அம்மா ஒரே பேச்சுதான். “தணிகை, அவன் போன எடுத்துக்கினு போயேன்டா.”

“எதுக்கும்மா? அதுல இருக்கறது பேச்சு இல்ல. கசிவு.”

“கசியட்டும்டா. எனக்குக் கேக்கணும்.”

“திட்டா இருந்தா?”

“யார?”

அம்மாவுக்குத் தெரியும். அந்தப் போனில் இருப்பது யாருக்கு எழுதி அழித்தது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். என்ன எழுதினான் என்பதுதான் தெரியாது. மற்றவர்களுக்கு ஒரு வசதி உண்டு. வந்ததை எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். போர்டு எழுதி வைத்தவனுக்கு அந்த வசதி இல்லை. போன் அம்மாவின் பீரோவில், அவன் சட்டைக்கு மேலேயே இருந்தது.

சித்திரையில் அமுலு வந்தார். பழவேற்காட்டுப் பெண், முப்பத்தைந்து வயது இருக்கும். கணவர் கோதண்டன் மஸ்கட்டில் வெல்டராக இருந்து, நாலு வருடம் ஊர்ப்பக்கமே வராமல், அங்கேயே நெஞ்சுவலியில் போய்விட்டார். பெட்டியோடு போனும் வந்திருந்தது. அமுலுவின் கூடையில் பால் பாக்கெட் இருந்ததை நான் பார்த்தேன். போர்டைக் காட்டினேன். “படிக்கத் தெரியாது தம்பி. அவரு மெசேஜ் போட்டாகூட பக்கத்து வூட்டுப் பொண்ணுதான் படிச்சு சொல்லும்” என்றார்.

இருநூற்றுப் பதினைந்தில் பிரிண்டர் ஆரம்பித்தது. எபினேசர் அண்ணன் வாசித்தார்.

“வந்துடறேன்.”

அமுலு நிமிர்ந்தார்.

“வந்துடறேன். அமுலு வந்துடறேன். வந்துடறேன்…” எபினேசர் அண்ணன் நிறுத்தினார். “இதேதாம்மா. கீழ வரைக்கும் இதேதான்.”

அமுலு அடுப்பின் பக்கம் குனிந்து, “வாய்யா” என்றார். வாசலில் வந்து நிற்கிற ஆளை அழைப்பது போலச் சொன்னார். “வா. நான் இங்கதான்கீறேன்.” அந்த முகம் எப்படி இருந்தது என்று எழுத எனக்குத் தெரியவில்லை. வெயிலில் வந்தவர் தண்ணீர் குடித்த மாதிரி என்று வேண்டுமானால் சொல்லலாம்.

நான் அதைத் திருத்தினேன்.

“அக்கா, இது அவர் சொன்னது இல்ல. எழுதி அழிச்சது.”

“இன்னாது?”

“அனுப்பியிருந்தா ஒருவாட்டி எழுதினதோட முடிஞ்சிருக்கும். இங்க வராது. வரேன்னு எழுதுவார், அனுப்பாம அழிச்சிடுவார். அதான் இவ்ளோ தேஞ்சிருக்கு.”

“எத்தினி தபா?”

அவர் கேட்டார், நான் கணக்குப் போட்டேன். இப்போது நினைத்தால் அந்தக் கணக்கைப் போட்ட கையை என்ன செய்வது என்று தெரியவில்லை. “முந்நூறுக்கு மேல இருக்கும்க்கா” என்றேன்.

அமுலு கீழே உட்கார்ந்தார். விரல்களை மடக்கி ஏதோ எண்ணினார், பாதியில் விட்டார். முந்நூறு முறை கிளம்பி முந்நூறு முறை நின்ற ஆளை அவர் பார்த்துக்கொண்டிருந்திருப்பார். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து என் முன்னால் வந்தார்.

“உன்ன எவன்டா கேட்டான்?”

“இல்லக்கா, அறிவியல்படி…”

“நான் கேட்டனா? ஒனக்கு இன்னாடா தெரியணும், அவன் வரலன்றதா? அது எனக்குத் தெரியாதா?” கூடையிலிருந்து பால் பாக்கெட்டை எடுத்து என் மேசையில் வைத்தார். “இந்தா. நீயே குடி.”

போய்விட்டார். காகிதத்தைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

எபினேசர் அண்ணன் தட்டை வெளியே எடுத்து ஆற வைத்தார். “மார்க் போட்டுட்டியா அந்தம்மாவுக்கு?” என்றார்.

“உண்மையத்தானே சொன்னேன்.”

“ஆமாமா. பேப்பர்ல கூட வந்துச்சே.”

சாப்பாட்டு நேரத்தில் அவர் டிபன் பாக்ஸைத் திறந்துவிட்டு, என்னைப் பார்க்காமலே கேட்டார்.

“சூடு வெச்சாதான் ஒழுகுமா? சும்மா கெடந்தா ஒழுகாதா?”

“ஒழுகும். மெதுவா. தேஞ்ச தொட்டின்னா வருஷம்கூடத் தாங்காது.”

“உங்கண்ணன் போயி எத்தினி மாசம்?”

“எட்டு.”

“போன் எங்க கீது?”

“பீரோல.”

“வீடு ஓடா, தளமா?”

“ஷீட்டு.”

எபினேசர் அண்ணன் சோற்றைப் பிசைந்தார். வெளியே சித்திரை வெயிலில் தார் இளகிக்கொண்டிருந்தது. ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே இரும்பு பீரோ. நான் எங்கள் வீட்டில் ஒரு அடுப்பைக் கட்டி, எட்டு மாதமாகக் கம்பி விடாமல் எரித்துக்கொண்டிருந்தேன். அண்ணன் துணிகளுக்கு நடுவில் ஒவ்வோர் எழுத்தாக ஒழுகிக்கொண்டிருந்தான், கேட்க ஆளில்லாமல்.

ஞாயிற்றுக்கிழமை காலை அம்மா போனை ஒரு துவைத்த கர்சீப்பில் சுற்றிக் கொடுத்தாள். “நீயும் வாம்மா” என்றேன்.

“எனக்கு அங்க நிக்க முடியாதுடா. நீ கேட்டுட்டு வந்து சொல்லு. இன்னா வந்துச்சோ அத்த அப்டியே சொல்லணும். கூட்டாத, கொறைக்காத.”

“திட்டியிருந்தாலும்?”

“திட்டியிருந்தா அவன மாதிரியே திட்டிக் காட்டு. எனக்கு அதுவும் வேணும்.”

அன்று ஆலை லீவு. எபினேசர் அண்ணன் சர்ச்சுக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு வந்திருந்தார். உடைந்த கண்ணாடியை நீக்கி, போர்டை எடுத்தார். இரண்டு விரல் அகலம்தான். ஓரத்தில் நெளிந்திருந்தது. அதைத் தட்டில் வைக்கும்போது, “ரெண்டு டிகிரி வெக்கிறேன்” என்றார். நிமிடத்துக்கு இரண்டு டிகிரி. அவ்வளவு மெதுவாக நாங்கள் யாருக்கும் வைத்ததில்லை.

நூற்றைம்பது. நூற்றெண்பது. நான் திரையில் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோடு தட்டையாக இருந்தது. இருநூறில் ஒன்றும் இல்லை. இருநூற்று இருபதில் ஈயம் சொட்டிய சத்தம் கேட்டது. அதற்கும் முன்பே அமுலுவுக்கு வந்துவிட்டது.

“பீரோலயே போயிட்டுதாண்ணா?”

“இரு.”

இருநூற்று இருபத்தேழில் பிரிண்டர் ஒருமுறை இழுத்தது.

‘டேய்’

அப்புறம் ‘டேய்’. அப்புறம் ‘டேய்’. ஒரு பக்கம் முழுக்க டேய். எதிர்பார்த்ததுதான். எல்லாச் செய்தியும் அங்கேதான் தொடங்கியிருக்கும், அதனால் அதுதான் அதிகம் தேய்ந்திருக்கும். அடுத்து வரப்போவதற்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

‘டேய் வயசு தப்பு 28’

‘டேய் கடை மூடல ஷட்டர் ஸ்பிரிங் போச்சு’

‘டேய் செத்தவனுக்கு ரிப்பேர் ஆர்டர் வருது பேய் எடுத்து செய்யுமா’

எபினேசர் அண்ணன் ஒவ்வொன்றையும் கிழித்து என் கையில் கொடுத்தார். நான் திரும்பத் திரும்பப் படித்தேன். வசவு எங்கே என்று தேடினேன். ‘அம்மா அழுதுச்சுடா’ என்று ஒன்று வந்தது. அது ஒரே ஒருமுறைதான் வந்தது. மறுபடியும் ரோஜா மாலை, மறுபடியும் ஷட்டர், வார்த்தைகளை முன்னே பின்னே மாற்றிப்போட்டு.

“இன்னாடா இது?” என்றார் எபினேசர் அண்ணன். “ஜோக்கா?”

ஜோக்தான். சுமாரான ஜோக். ஞானவேலுக்குச் சின்ன வயதிலிருந்தே ஜோக் வராது. சொல்லும் முன்பே அவனே சிரித்துவிடுவான், நான்தான் முடித்து வைப்பேன். என்னிடம் திரும்பப் பேச வேண்டுமானால், நான் சிரிக்கிற மாதிரி ஒன்றைச் சொல்லிக்கொண்டுதான் வர வேண்டும் என்று நினைத்திருக்கிறான். எழுதிப் பார்த்து, போதவில்லை என்று அழித்திருக்கிறான். ஐந்து மாதம். நான் இந்தப் பக்கம் ‘எழுதுகிறார்’ என்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இருநூற்று ஐம்பத்திரண்டு. எழுத்துகள் மெலிந்தன.

‘டேய் மாலை ரோஜாவா என் ரேஞ்சுக்கு அதிகம்டா’

‘எப்டி சிரிப்பு வருதா’

‘சிரிப்பு வருதா’

இருநூற்று ஐம்பத்தெட்டில் புகை வரத் தொடங்கியது. பிரிண்டர் இழுத்து இழுத்து நின்றது. கடைசியாக ஒரு ‘வருதா’ மட்டும், பாதி மங்கி.

எபினேசர் அண்ணன் தலையைத் திருப்பிக்கொண்டு, காதிலிருந்த பென்சிலை எடுத்து மேசையில் எதையோ கிறுக்கினார்.

நான் அடுப்பின் பக்கம் குனிந்தேன்.

“வருதுண்ணா” என்றேன்.

கேட்டிருக்காதோ என்று, இன்னொருமுறை கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன்.